ஒரு மடையை அடைத்தால்

"ஏனுங்க்கா, இதுல ஒரு சர்வரை வெளிய எடுத்தா மீதி மூணும் என்னாகுங்க?"

கேட்டவன் கோபிப் பக்கத்துப் பையன், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். வரும் கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்துவிடும் ஹெச்ஏபிராக்ஸியில், முகவரியைப் பார்த்துப் பிரிக்கச் சொல்லும் 'பேலன்ஸ் யுஆர்ஐ' வரியைச் சேர்த்துவிட்டு நான் ரீலோட் கொடுக்கப் போன நேரம். "அதோட பங்கை மத்த மூணும் எடுத்துக்கும் கண்ணு" என்றேன். அவன் விடவில்லை. "எங்கூர்ல ஒரு மடையை அடைச்சா அந்தத் தண்ணி மட்டும் அடுத்த மடைக்குப் போகுமுங்க. மத்ததெல்லாம் அது பாட்டுக்குப் பாயும். இங்கயும் அப்படித்தானுங்களா?"

"அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லி என்டரைத் தட்டினேன்.

முகவரியை ஓர் எண்ணாக மாற்றி, அந்த எண்ணை வைத்து சர்வரைத் தேர்ந்தெடுப்பதுதான் ஹேஷ். அதைப் போட்டது தப்பு என்று இன்றும் நான் சொல்ல மாட்டேன். அதற்கு முன் ரவுண்ட் ராபின், அதாவது வரிசையாக ஆளுக்கு ஒன்று. ஒரே பனியன் படத்தை நான்கு வார்னிஷ் கேச் சர்வரும் (கேட்ட படத்தை நகல் எடுத்து வைத்துக்கொள்பவை) தனித்தனியாகச் சேமித்து மெமரியை நிரப்பிக்கொண்டிருந்தன. படத்தின் முகவரியான யுஆர்எல்லை ஹேஷ் செய்ததும் ஒரு படம் எப்போதும் ஒரே சர்வருக்குப் போனது, நான்கின் மெமரியும் நான்கு மடங்காகப் பயன்பட்டது. திருப்பூர் வாடிக்கையாளரே கூப்பிட்டு, "சைட்டு நல்லா வேகமா இருக்குதுங்க" என்றார்.

ஆனால் ஹேஷ் வகையை நான் தொடவில்லை. எதுவும் எழுதாவிட்டால் ஹெச்ஏபிராக்ஸி எடுத்துக்கொள்வது மேப் பேஸ்டு. உயிரோடு இருக்கும் சர்வர்களின் எண்ணிக்கையால் ஹேஷை வகுத்து, மீதியைப் பார்க்கும். ஹேஷ் 7 என்றால் நான்கு சர்வரில் மீதி 3. ஒன்றை எடுத்து மூன்றாக்கினால் மீதி 1. படம் வேறு வீட்டுக்குப் போய்விட்டது. கணக்குப் போட்டால் நான்கில் மூன்று பங்கு யுஆர்எல்கள் இடம் மாறும். போன சர்வருடையது கால் பங்குதான். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மூன்றிலும் பெரும்பகுதி கலைந்துவிடும்.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை ஒரு சர்வரில் டிஸ்க் மாற்ற வேண்டியிருந்தது. டிக்கெட்டுக்கு ஒப்புதல் கொடுத்தது நான், சர்வரை வெளியே எடுத்தது அவன். ஸ்டாட்ஸ் பக்கத்தில் காத்திருக்கும் கோரிக்கைகளை எண்ணும், எப்போதும் 0 காட்டும் கியூ கட்டம் மூன்று இலக்கத்துக்கு ஏறியது. கேச்சில் கிடைக்காத அத்தனையும் பின்னால் அசல் படங்களை வைத்திருந்த ஒரே ஒரிஜின் சர்வரின் தலையில் இறங்கி, அது படுத்துவிட்டது.

திங்கட்கிழமை மீட்டிங்கில் மேலாளர் கேட்டார்: "சனிக்கிழமை சர்வரை எடுத்தது யாரு?"

"நானுங்க" என்றான்.

நான் அப்போது பேசியிருக்க வேண்டும். 'இவன் அன்றைக்கே கேட்டான், நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? "கான்ஃபிகரேஷன்லயும் ஒரு சின்ன மாற்றம் தேவைப்படுதுங்க" என்றேன். பொய் இல்லை. ஆனால் அந்த 'லயும்' என்ற சொல்லில்தான் அவன் தலையில் பாதியை வைத்தேன்.

சர்வர் எண்ணிக்கை மாறினால் பெரும்பாலான இணைப்புகள் இடம் மாறும், கேச்களுக்கு அது தொந்தரவு என்று ஹெச்ஏபிராக்ஸி கையேட்டிலேயே இருக்கிறது. அதைப் படித்தவள்தான் நான். கன்சிஸ்டன்ட் என்ற இன்னொரு ஹேஷ் வகையில் பங்கீடு அவ்வளவு சீராக வராது, ஒவ்வொரு சர்வரின் பங்கைச் சொல்லும் வெயிட்டைத் திருத்த வேண்டியிருக்கலாம் என்றும் அதே பக்கத்தில் உண்டு. அதற்குப் பயந்துதான் இருந்ததையே வைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் பயந்தேனா, சோம்பலா? ஒவ்வொரு முறையும் வேறு பதில் வருகிறது.

அடுத்த வாரம் கன்சிஸ்டன்ட்டுக்கு மாற்றினோம். 1997-இல் எம்.ஐ.டி.யில் டேவிட் கார்கர் முதலானோர் எழுதிய முறை. வெப் கேச்சுக்காகவே யோசித்தது. சர்வர்களும் யுஆர்எல்களும் ஒரே வளையத்தில் நிற்கும். ஒரு சர்வர் போனால் அதன் பங்கு மட்டும் வளையத்தில் அடுத்தடுத்து நிற்பவற்றுக்குப் போகும். அவன் சொன்ன மடைதான். படிக்கப் படிக்க முகம் சூடானது.

பொங்கல் ஆஃபரில் ஒரே ஒரு வீடியோவை எல்லோரும் திறந்தார்கள். ஒரு சர்வர் மட்டும் மூச்சு முட்டியது, மற்ற மூன்றும் சும்மா இருந்தன. ஹேஷ் எந்த வகையானாலும் ஒரு யுஆர்எல் ஒரே சர்வருக்குத்தான் போகும், எனவே பழைய வகையிலும் இதேதான் நடந்திருக்கும். அது தெரிந்தும், 'பார்த்தாயா, கன்சிஸ்டன்ட்டிலும் சிக்கல் வந்துவிட்டது' என்று உள்ளே ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நான் இன்னும் யாரிடமும் சொன்னதில்லை. ஹேஷ் பேலன்ஸ் ஃபேக்டரை 150 என்று வைத்து, சராசரியைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் சுமை ஏறினால் அடுத்த சர்வருக்குத் தள்ளச் செய்தோம். அந்த வரியை எழுதியது அவன்தான்.

அவன் இன்னும் என் பக்கத்து இருக்கையில்தான் இருக்கிறான். நன்றாக வேலை செய்கிறான். போன வாரம் ஒரு டைம்அவுட் மாற்றத்தைக் காட்டி, "இதுல ஏதாச்சும் கேட்கணுமா தம்பி?" என்றேன். திரையை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தான்.

"இல்லீங்க்கா, சரியாத்தான் இருக்குதுங்க" என்றான்.

ரீலோட் கொடுக்காமல் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அவன் தன் திரைக்குத் திரும்பிவிட்டான்.