தண்ணீர் இல்லாத பக்கம்

சிறிய மண் அணையைப் பார்க்க வருகிறவர்கள் கரைமேல் ஏறியதும் தண்ணீர்ப் பக்கம்தான் திரும்புகிறார்கள். எவ்வளவு நிறைந்திருக்கிறது, இன்னும் எவ்வளவு ஏறும் என்பதிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. கரையைக் காக்கும் வேலையில் இருப்பவர் முதலில் இறங்க வேண்டியது மறுபக்கம். கரைக்குள் நடப்பது வெளிச்சரிவிலும் அதன் அடியிலும்தான் கண்ணுக்குத் தெரியும். புல்லை முழங்கால் உயரத்துக்கு வளரவிட்ட கரையில் அதுவும் தெரியாது. ஆகவே புல் வெட்டுவதையே பாதுகாப்பின் முதல் வேலையாகச் சொல்வோம்.

மண் கரை என்றால் கசிவு இருக்கும். நன்றாக இறுக்கிய களிமண்கூட நீரை மெல்லக் கடத்தும். கசிவைக் கண்டு பதற வேண்டாம். அது தெளிவாக வருகிறதா, மண்ணோடு வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஓடும் நீரில் கலங்கல் கண்ணுக்குப் பிடிபடாமல் போகலாம். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஓரிரவு அசையாமல் வைத்தால் மறுநாள் அடியில் படிந்திருப்பது உண்மையைச் சொல்லிவிடும். மெல்லிய படிவு என்றாலும் கரையின் உடலிலிருந்து மண் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

அளவைக் கண்மதிப்பில் எழுதுவதில் பயனில்லை. ‘கொஞ்சம் கசிவு’ என்ற குறிப்பை அடுத்த ஆண்டு படிப்பவர் எதோடு ஒப்பிடுவார்? கசிவு சிறிதென்றால் 10 லிட்டர் வாளி நிறைய எத்தனை நொடி என்று பார்த்தால் போதும். பெரிதென்றால் கசிவு நீர் ஓடும் கால்வாயின் குறுக்கே 90 பாகை ‘வி’ வடிவ வெட்டுள்ள தகடு ஒன்றைப் பதிக்கலாம். வெட்டின் அடிமுனைக்கு மேல் நீர் 5 செ.மீ. நின்றால் நொடிக்கு ஏறத்தாழ 0.8 லிட்டர், 10 செ.மீ. நின்றால் 4.4 லிட்டர். உயரம் இரட்டிக்கும்போது ஓட்டம் ஐந்தரை மடங்குக்கும் மேலாகிறது என்பதால், அளவுகோலில் ஒரு செ.மீ. பிழைகூடப் பெரிய பிழைதான். வெட்டின் வாயில் நீர் தாழ்ந்து விழும். அங்கே அளக்காமல் சற்றுப் பின்னால் தள்ளி அளக்க வேண்டும். அதே நேரத்து அணை நீர்மட்டத்தையும் மழையையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். மட்டம் ஏறக் கசிவு ஏறுவது இயல்பு. மட்டம் மாறாமல் கசிவு மட்டும் கூடினால் உள்ளே வழி அகலமாகிறது. திடீரென்று குறைந்தாலும் நிம்மதி கொள்ளக் கூடாது. நீர் வேறு வழி கண்டிருக்கலாம்.

கரையடியில் மணல் கஞ்சிபோல் பொங்கி, சுற்றிலும் சிறு கூம்பாகக் குவிந்தால் நிலைமை முற்றிவிட்டது. அந்த நேரத்தில் எல்லோருக்கும் தோன்றுவது களிமண்ணைக் கொட்டி அடைப்பது. அது தவறு. அடைபட்ட நீரின் அழுத்தம் குறையாது. பக்கத்தில் பிய்த்துக்கொண்டு வரும். நீரை விட்டு மண்ணை நிறுத்த வேண்டும். முதலில் பருமணல், அதன்மேல் சரளை, அதன்மேல் கல் என்று எடை ஏற்ற வேண்டும். அல்லது மணல் மூட்டைகளால் வளையம் கட்டி, உள்ளே நீர் ஓரளவு நின்று எதிரழுத்தம் தர விட வேண்டும். மணல் வருவது நின்று தெளிந்த நீர் வந்தால் வளையத்தை அதற்கு மேல் உயர்த்த வேண்டாம்.

இதற்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதற்கு அமெரிக்காவின் டீட்டன் அணை ஓர் அளவு. 93 மீட்டர் உயரமான பெரிய அணைதான். ஆனால் மண் அரிக்கும் விதம் சிறிய கரையிலும் அதுவேதான். 1976 ஜூன் 3-இல் அணைக்குக் கீழே தெளிந்த ஊற்றுகள் தெரிந்தன. ஜூன் 5 காலையில் நீர் கலங்கியது. ஓட்டையை மூடப்போன புல்டோசர்களை அது விழுங்கியது. 11.57-க்கு அணை உடைந்தது.

சிறிய கரைகளில் இந்த அரிப்பு பெரும்பாலும் மதகுக் குழாயை ஒட்டித் தொடங்குகிறது. வட்டக் குழாயின் அடிவயிற்றுப் பக்கத்தில் ரோலர் போகாது. கையால் இடித்த மண் அங்கே தளர்வாகவே நிற்கும். அந்தத் தளர்ச்சியை நீர் தேடிப் பிடிக்கும். குழாயைச் சுற்றிக் கான்கிரீட் வளையங்கள் வைத்து இதைத் தடுக்கலாம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். வளையங்களின் ஓரத்திலும் மண் இறுகவில்லை. இப்போது வெளிப்பக்கமாகக் குழாயைச் சுற்றி மணல் வடிகட்டி அமைக்கிறார்கள்: நீர் வெளியேறும், மண் சிக்கிக்கொள்ளும். அந்த மணலில் பொடிமண் 5 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. ஈர மணலைப் பிடித்து உருண்டையாக்கி நீரில் வையுங்கள். சட்டென்று சரிந்தால் நல்ல மணல். சரியாமல் நின்றால் அது விரிசலிட்டு விரிசலாகவே நிற்கும் மணல், வடிகட்டிக்கு ஆகாது.

வால்வு எந்த முனையில் இருக்கிறது என்பதும் முக்கியம். வெளிமுனையில் இருந்தால் கரையின் வயிற்றுக்குள் குழாய் முழு அழுத்தத்தோடு எப்போதும் நிறைந்திருக்கும். ஓர் இணைப்பு விட்டாலும் நீர் மண்ணுக்குள் பீய்ச்சும். உள்முனையில் இருந்தால் அந்த ஆபத்து இல்லை. ஆனால் துருப்பிடித்த துளை வழியே மண் குழாய்க்குள் விழலாம். அப்போது குழாய் போகும் கோட்டுக்கு நேர் மேலே, கரையில் வட்டமாக ஒரு குழி விழும். அதை மண்போட்டு நிரவிவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கையில் மனம் பதைக்கிறது. குழி திரும்பவும் விழும். ஒவ்வொரு முறையும் உள்ளே வெற்றிடம் பெரிதாகியிருக்கும்.

மரங்களைப் பொறுத்தவரை எங்கள் எண்ணம் கடுமையானது: கரைமேல் மரம் வேண்டாம், வெளி அடியிலிருந்து ஏழெட்டு மீட்டர் வரையிலும் வேண்டாம். பட்டுப்போன மரம் இன்னும் ஆபத்து. வேர் மட்கிய இடம் குழலாகிறது. கைப்பருமன் செடியைத் தரையோடு வெட்டலாம். பெரிய மரம் என்றால் நீர்மட்டத்தைக் குறைத்துவிட்டு, அடிக்கட்டையையும் தடித்த வேர்களையும் தோண்டி எடுத்து, 15 செ.மீ. அடுக்குகளாக மண்ணிட்டு இடிக்க வேண்டும். எலி, நண்டு வளைகளுக்கும் இதே தோண்டி இடிக்கும் வேலைதான்.

விரிசல்களில் கரையின் நீளவாக்கில் ஓடுவது அமிழ்வால், அதாவது மண் தன் எடையில் அமுங்கி இறங்குவதால், வந்ததாக இருக்கலாம். அதன் இரு முனைகளும் பிறைபோல் சரிவை நோக்கி வளைந்தால் சரிவு நழுவத் தொடங்கியிருக்கிறது. குறுக்குவாட்டு விரிசலே நாங்கள் அதிகம் அஞ்சுவது. தண்ணீருக்கு அது நேர்வழி. ஆழம் அறியச் சுண்ணாம்புக் கரைசலை ஊற்றி, பக்கத்தில் குழி தோண்டி வெள்ளைக் கோடு எங்கே முடிகிறது என்று பாருங்கள்.

கரை எங்கே மிக உயரமோ அங்கே மண்ணும் அதிகம், அமிழ்வும் அதிகம். ஆகவே உச்சியின் தாழ்ந்த புள்ளி பெரும்பாலும் பள்ளத்தாக்கின் நடுவில், நீர் மிக உயரத்திலிருந்து விழக்கூடிய இடத்திலேயே அமைகிறது. வழிந்தால் வெள்ளம் முழுவதும் அங்கே கூடும். ஆண்டுக்கு ஒருமுறை லெவல் பார்த்து அந்த இடத்தை உயர்த்த வேண்டும். 1889 மே 31-இல் உடைந்து 2,209 பேரைக் கொன்ற அமெரிக்காவின் சவுத் ஃபோர்க் மண் அணையில், வண்டி போக உச்சியைத் தாழ்த்தியிருந்தார்கள், மீன் தப்பாமலிருக்கக் கலிங்கில் (உபரி நீர் வழிந்தோடும் வாயில்) வலை அடித்திருந்தார்கள், அடிக் குழாய்களை எப்போதோ கழற்றிவிட்டிருந்தார்கள். அதிக நீர் தேக்கக் கலிங்கில் மூட்டை அடுக்குவதும் இதே வகைச் செயல்தான்.

அணையின் நீர்மட்டத்தை இறக்க வேண்டி வந்தால் நாளுக்கு 30 செ.மீ.க்கு மேல் வேண்டாம். வேகமாக இறக்கினால் ஈரம் வடியாத உட்சரிவு சரியும். கரையே உடையும் நிலை என்றால் இந்த வரம்பைப் பார்க்க முடியாது. ஆனால் குழாய் எவ்வளவு விடும் என்று முன்பே கணக்கிட்டிருக்க வேண்டும். 2 ஹெக்டேர் நீர்ப்பரப்பில் ஒரு மீட்டர் என்பது 20,000 கன மீட்டர். 3 மீட்டர் நீரழுத்தத்தில் 30 மீட்டர் நீளமுள்ள 300 மி.மீ. குழாய் அதை வடிக்க ஏறத்தாழ 20 மணி நேரம் எடுக்கும், 150 மி.மீ. குழாய்க்கு நான்கு நாள். டீட்டனில் நீர் கலங்கியதற்கும் அணை உடைந்ததற்கும் இடையே கழிந்தது ஒரு காலைப்பொழுது. பாட்டிலின் அடியில் முதல் படிவு தெரிந்த அன்றே வால்வைத் திறக்க வேண்டியிருப்பது அதனால்தான். ஆண்டுக்கணக்கில் தொடாத வால்வு அன்றைக்குத் திறக்காது. ஆண்டுக்கு ஒருமுறையாவது முழுதாகத் திறந்து மூடிப் பாருங்கள்.