உள்ளங்கை ஆமைக்கு எவ்வளவு பெரிய தொட்டி?

ஜூன் 2, ஞாயிறு

பள்ளி விடுமுறை தொடங்கிய நாளிலிருந்து மகன் பாம்பு கேட்டு நச்சரிக்கிறான். சிங்கப்பூரில் பாம்பை வீட்டில் வளர்க்கச் சட்டம் இடம் தராது என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். சிவப்புக்காது ஆமைக்கு அனுமதி உண்டு. அதற்கேற்றாற்போல், வீடு மாறிப் போகும் நான்காம் மாடிச் சீனப் பாட்டி இன்று காலை ஓர் ஆமைக்குஞ்சை எங்களிடம் ஒப்படைத்தார்.

ஸ்கேல் வைத்து அளந்தேன். ஓட்டின் நீளம் 5 சென்டிமீட்டர். அது இருந்த பிளாஸ்டிக் பெட்டியோ 22 சென்டிமீட்டர்தான், அதிலும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தென்னை மரம். கண்ணுக்குப் பின்னால் குங்குமத்தை விரலால் இழுத்துவிட்டது போல் ஒரு கோடு. மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆமை புகுந்த வீடு உருப்படுமா?" என்றார். நான் வாய் திறக்கவில்லை. இந்தப் பெட்டியில் ஆமை உருப்படாது என்பது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

ஜூன் 4, செவ்வாய்

கடையில் தண்ணீர்ச் சூடாக்கி வாங்கச் சொன்னார்கள். வாங்காமல் ஒரு வெப்பமானியோடு திரும்பினேன். காலை ஆறு மணிக்குத் தண்ணீர் 28 டிகிரி, பிற்பகல் மூன்றுக்கு 30. குஞ்சுக்கு 26 முதல் 28 வரை இருந்தாலே போதும். குளிர்நாடுகளில் எழுதிய குறிப்புகளை அப்படியே இங்கே பின்பற்றக் கூடாது.

நமக்கு ஆபத்து ஏர்கான்தான். மகன் தன் அறையில் வைத்துக்கொள்ளக் கேட்டான். இரவு முழுவதும் 23 டிகிரியில் ஓடும் அறை அது. தொடர்ந்து குளிர்ந்தால் சளி நுரையீரலுக்கு இறங்கிவிடும். மூக்கில் குமிழி வரும், ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதக்கும். ஆகவே ஆமைக்கு இடம் கூடத்தில்தான் என்று முடிவு செய்தேன். மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

ஜூன் 8, சனி

இன்று நடந்ததை எழுதவே கை கூசுகிறது. வெயில் சும்மா கிடைக்கிறதே என்று மாலை நான்கு மணிக்கு ஒரு பேசினில் மூன்று விரற்கடைத் தண்ணீர் விட்டு, ஆமையை வீட்டு வாசலில் வைத்தேன். எங்கள் வாசல் மேற்குப் பார்த்தது. அரிசி களைந்து வைத்துவிட்டு வர இருபது நிமிடம் ஆகியிருக்கும். வெப்பமானியை நான் பார்ப்பதற்கு முன்பே நகச் சத்தம் கேட்டது. கழுத்தை முழுவதும் நீட்டி, முன்கால்களால் பேசின் சுவரைப் பறண்டிப் பறண்டிச் சறுக்கி விழுந்துகொண்டிருந்தது. தண்ணீர் 37 டிகிரி. கை வைத்தால் குழந்தையைக் குளிப்பாட்டும் வெந்நீரின் இதம். குளமாக இருந்தால் ஆழத்துக்குப் போய்த் தப்பியிருக்கும்; இங்கே எங்கே போகும்?

நான் ஐஸ் எடுக்க ஓடினேன். "ஐஸ் வேண்டாம், திடீரென்று குளிர்ந்தாலும் தாங்காது" என்று மாமியார் தடுத்தார். நிழலுக்கு நகர்த்தி, குழாய்த் தண்ணீரைச் செம்பு செம்பாக அவரே ஊற்றினார். இரவு ஏழு மணிக்கு அது இரை தின்ற பிறகுதான் நாங்கள் சாப்பிட்டோம்.

ஜூன் 15, சனி

தொட்டி வந்துவிட்டது. பழையதுதான், 120 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 45 உயரம். ஓட்டின் ஒவ்வொரு 2.5 சென்டிமீட்டருக்கும் ஏறத்தாழ 40 லிட்டர் தண்ணீர் என்பது வளர்ப்பவர்கள் சொல்லும் கணக்கு. அப்படியானால் இப்போதே 80 லிட்டர் வேண்டும். இந்தத் தொட்டியில் 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்பினால் 81 லிட்டர்! வளர வளரத் தண்ணீரை உயர்த்திக்கொள்ளலாம். பாம்புக்குட்டியைப் பெரிய வெற்றுக் கூண்டில் விட்டால் பயந்து இரை எடுக்காமல் ஒடுங்கிவிடுமாம். மகன் படித்துச் சொன்னான். ஆமைக்குஞ்சுக்கு அந்தக் கவலை இல்லை, ஏறி இளைப்பாற இடம் இருந்தால் போதும். பெண்ணாக இருந்தால் 25 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடும், அன்று இந்தத் தொட்டியும் போதாது. ஆணா பெண்ணா என்று இப்போது சொல்ல முடியாது. ஆணென்றால் பின்னாளில் முன்கால் நகங்கள் நீளும்.

விளக்கு இரண்டு. ஒன்று சூட்டுக்கு; அதன் கீழே உலர்ந்த செங்கல்லின் மேல் 33 டிகிரி காட்டுகிறது. மற்றொன்று புறஊதாக் கதிருக்கு. அது இல்லாவிட்டால் ஆமையின் உடலில் வைட்டமின் டி உண்டாகாது, சுண்ணாம்புச் சத்து சேராமல் ஓடு மெத்தென்றாகிவிடும். கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும் என்பதால் தொட்டியின் மேல் மூடி போடவில்லை. மூடிய ஜன்னலோரம் வைத்தாலும் பயனில்லை. விளக்கு பளிச்சென்று எரிந்தாலும் ஓராண்டுக்குள் கதிர் தேய்ந்துவிடும் என்பதால் அடிப்பாகத்தில் இன்றைய தேதியை எழுதி வைத்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

நாளை பள்ளி திறக்கிறது. ஆமையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்பதை மகன் இப்போதெல்லாம் சொல்லாமலே செய்கிறான். ஆமைகளிடமிருந்து சால்மொனெல்லா என்னும் வயிற்றுப்போக்குக் கிருமி சிறுவர்களுக்குப் பரவியதால்தான் அமெரிக்காவில் 1975-இல் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையைத் தடை செய்தார்கள். ஆமைத் தொட்டியின் நீர் வடிகட்டியைச் சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டியில் கழுவக் கூடாது என்று நானும் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அலுவலகத்தில் ஒருவர், வளர்ந்தபின் நீர்த்தேக்கத்தில் விட்டுவிடலாமே என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அது குற்றம். அதோடு, இது அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து ஆமை. நம் குளங்களில் விட்டால் இங்குள்ள உயிர்களோடு இரைக்குப் போட்டி போடும். முப்பது ஆண்டுகூட வாழக்கூடியது. மகனுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது இருக்கும்.

ஜூன் 29, சனி

இன்று செங்கல் மேல் தானாக ஏறியது. பின்கால்கள் இரண்டையும் பின்னால் நீட்டி, விரலிடைத் தோலை விசிறி போல் விரித்து, கண்களை மூடிக்கொண்டது. ஓட்டில் இருந்த ஈரம் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுருங்கிச் சுருங்கி மறைந்தது. நானும் மகனும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். மாமியார் தம் நாற்காலியைத் தொலைக்காட்சிப் பக்கமிருந்து திருப்பிப் போட்டுக்கொண்டார். மாலை ஏழு மணிக்கு விளக்கை அணைப்பது இனித் தம் வேலை என்று சொல்லிவிட்டார்.