கரியமில வாயுவைப் பிடிக்கும் பொருளும் நீராவித் தொல்லையும்

அனல்மின் நிலையப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரிக்கும் புதிய பொருள்களைப் பற்றிய செய்திகள், ஒரு கிராம் பொருள் எவ்வளவு வாயுவை உறிஞ்சுகிறது என்பதையே பெரும்பாலும் முன்வைக்கின்றன. உலர்ந்த வாயுவைச் செலுத்திப் பெறும் அந்த எண்ணை நான் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. நிலக்கரிப் புகையில் கரியமில வாயு சுமார் 12 முதல் 15 விழுக்காடுதான். எஞ்சியதில் பெரும்பகுதி நைட்ரஜன், கூடவே நீராவி. அந்த ஈரத்தில் எந்தப் பொருள் தாக்குப்பிடிக்கிறது என்பதே கேள்வி.

நடைமுறையில் வேரூன்றியிருப்பது, கரியமில வாயுவோடு வினைபுரியும் நைட்ரஜன் சேர்மமான அமீனின் நீர்க்கரைசல். தூத்துக்குடியில் ஒரு சோடா உப்பு (சோடியம் கார்பனேட்) ஆலை, தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து வாயுவைப் பிடிக்க 2016 இல் இவ்வகைக் கரைப்பானையே நாடியது. ஆனால் பிடித்த வாயுவை விடுவிக்க, கரைசலில் உள்ள தண்ணீரையும் சேர்த்து ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும். மின் நிலையமென்றால், அதற்கான நீராவி மின் உற்பத்தியிலிருந்தே கழிகிறது.

இந்தச் செலவைக் குறைக்க வந்தவை, உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்து, நுண்துளைகளோடு கட்டப்படும் எம்ஓஎஃப் எனும் சட்டகங்கள். மக்னீசியம் கொண்ட எம்ஓஎஃப்-74 உலர்ந்த நிலையில் அபாரமாக உறிஞ்சும். ஈரம் பட்டால் அதன் திறன் சரிந்துவிடும். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஷிமிசு குழுவினர் உருவாக்கி 2021 இல் வெளியிட்ட கால்ஃப்-20 என்ற சட்டகம் உறிஞ்சும் அளவில் முதலிடம் பெறுவதில்லை. துத்தநாகமும் ட்ரையசோல் என்ற கரிம மூலக்கூறும் சேர்ந்த அடுக்குகளை, ஆக்சலேட் என்ற இன்னொரு கரிம மூலக்கூறு தூண்களாகத் தாங்கும் அமைப்பு அது. ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை நீரைவிடக் கரியமில வாயுவையே அது விரும்பி ஏற்கிறது. துளைக்குள் புகுந்த வாயு, நீர் நுழைவதையும் தடுக்கிறது. பிணைப்பு மென்மையானது என்பதால் விடுவிக்க அதிக வெப்பம் வேண்டியதில்லை. 4,50,000 முறைக்கு மேல் நீராவி பாய்ச்சியும் அது நிலைத்திருந்தது. கடையில் கிடைக்கும் மூலப்பொருள்களைக் கொண்டு ஒரே படியில் தயாரிக்கலாம் என்பதை நான் இன்னும் பெரிதாக மதிக்கிறேன்.

ஆனால் கழுவிக் குளிர்வித்த புகை அந்த 40 விழுக்காட்டைவிட மிக ஈரமானது. ஆகவே வாயுவை முன்கூட்டியே பக்குவப்படுத்தும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இந்தியாவில் அந்தக் கணக்கு மேலும் கூடும். நிலக்கரிப் புகையிலுள்ள கந்தக டைஆக்சைடு அமீனையும் கெடுக்கக்கூடியது. அதை நீக்கும் கருவியைப் பொருத்தும் கட்டாயத்திலிருந்து பெரும்பாலான அனல்மின் நிலையங்களுக்கு 2025 இல் விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது.