பிடித்தகட்டுக்கு அடியில்

ஹூஸ்டனின் புழுக்கத்தில் இரும்புக்கு முதல் எதிரி வியர்வைதான். சுடும் பயிற்சி முடிந்து வந்ததும் என் 1911 மாதிரிக் கைத்துப்பாக்கியின் குழலையும், அதன் மேல் முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடையும் துடைத்து எண்ணெய் பூசிவிடுவேன். மரப்பிடிகளை மட்டும் மூன்று ஆண்டுகளாகக் கழற்றவே இல்லை. சென்ற வாரம் கழற்றியபோது, வலப்பக்க வால்நட் தகட்டின் உட்புறத்தில் உப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்து கரிய களிம்பாக அப்பியிருந்தது. சட்டகத்தில், தகட்டின் ஓரம் பதிந்த கோட்டிலேயே மெல்லிய செந்துரு படர்ந்திருந்தது.

தோட்டாக்கள் அடுக்கும் மேகசினை எடுத்து, ஸ்லைடைப் பின்னுக்கிழுத்து நிறுத்தி, தோட்டா அறையைக் கண்ணால் பார்த்ததோடு சுண்டுவிரலாலும் தடவி உறுதிசெய்த பிறகே திருப்புளியைத் தொட்டேன். ஜான் பிரவுனிங் வடிவமைத்த இத்துப்பாக்கியில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு திருகாணிகள்தான் உள்ளன. ஆனால் அவை நேரடியாகச் சட்டகத்தில் முடுக்கப்படுவதில்லை. சட்டகத்தில் தனியே முடுக்கப்பட்ட புஷிங்குகள் எனும் மரையிட்ட சிறு உலோக உருளைகளுக்குள் அவை இறங்குகின்றன. திருகாணி இறுகிப் போயிருந்தால், அதோடு சேர்ந்து புஷிங்கும் சுழன்று வெளியே வந்துவிடும். எனக்கு இடப்பக்கக் கீழ்த் திருகாணியில் அதுதான் நடந்தது. புஷிங்கைத் தோலில் சுற்றி மெதுவாகப் பிடித்துத் திருகாணியைப் பிரித்தேன். பிறகு அதற்கென உள்ள கருவியால் புஷிங்கை மீண்டும் முடுக்கி, சட்டகத்தைத் தொடும் மரையில் மட்டும் ஒரு துளி மரைப்பசை இட்டேன். வீட்டுத் திருப்புளியின் முனை நுனியை நோக்கிச் சரிந்திருப்பதால் பிளவிலிருந்து நழுவித் தலையைச் சிதைத்துவிடும். முனை இணையாகக் கடைந்த திருப்புளியே இதற்குப் பொருந்தும்.

உப்பிய மரம் எளிதில் வரவில்லை. இடுக்கில் திருப்புளியைக் கொடுத்து நெம்பினால் மரம் பிளந்துவிடும் என்பதால், நகத்தாலேயே கீழ் ஓரத்தைச் சிறிது சிறிதாக அசைத்து எடுத்தேன். துருவை எண்ணெயில் நனைத்த மிக மெல்லிய ஸ்டீல் வூலால் தேய்த்ததில் அது போய்விட்டது. நீலப்பூச்சு அங்கே சற்று மங்கியதுதான் வருத்தம். மரத்தின் மீது கரைப்பானைப் படவிடாமல், பல்துலக்கும் பழைய பிரஷால், கை வழுக்காதிருக்கச் செதுக்கிய வெட்டுக்கோடுகளை உலர்வாகவே சுத்தம் செய்தேன்.

மீண்டும் பொருத்துகையில், இடப்பக்கத் தகட்டின் மேல்விளிம்பு, சட்டகத்தின் பக்கவாட்டில் சிறு வில்லை அடக்கியிருக்கும் பிளஞ்சர் குழாயைத் தாங்குகிறதா என்று பார்ப்பது முக்கியம். சட்டகத்தில் ஈரம் போல எண்ணெய் மினுங்கக் கூடாது. மிகுதி எண்ணெயை வால்நட் உறிஞ்சிக் கறுத்துவிடும். திருகாணிகள் தகட்டைக் கவ்வியதும் கையை எடுத்துவிட்டேன்.