எதிர்சேவையில் மாமாவைத் தேடி

என் தாய்மாமா மதுரை செல்லூரில் தறி ஓட்டியவர். தெருமுனையில் அவர் சிரிக்கிற சத்தம் கேட்டதுமே அத்தை காப்பிக்கு அடுப்பைப் பற்றவைத்துவிடுவார். கல்யாண வீடோ கருமாதி வீடோ, மாமா உட்கார்ந்த இடத்தைச் சுற்றி நாலு பேர் கூடிவிடுவார்கள். மற்ற நாளெல்லாம் தறிக்கு, சித்திரை மட்டும் அழகர்மலைப் பெருமாளான அழகருக்கு என்று வாழ்ந்தார்.

சின்ன வயதில் அவர் கடுமையான காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்து எழுந்தால் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுவான் என்று எங்கள் அம்மாச்சி வேண்டிக்கொண்டாராம். மாமா அதைக் கடைசிவரை விடவில்லை. விரதம் இருந்து, இடுப்பில் சல்லடம் என்கிற அரைக்கால்சட்டையைக் கட்டி, தலையில் உருமால் சுற்றி, தோளில் ஆட்டுத்தோல் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினால் எங்களுக்கே அவர் வேறு ஆளாகத் தெரிவார். 2020, 2021 இரண்டு வருஷமும் கொரோனாவால் அழகர் மலையை விட்டு இறங்கவில்லை. அப்போதும் விடியற்காலையில் அதே வேஷத்தில் மொட்டை மாடியில் ஏறி, அழகர்மலை இருக்கும் திசையைப் பார்த்துத் தண்ணீர் பீய்ச்சினார். பக்கத்து மாடிகளில் இருந்தவர்களும் "கோவிந்தா" போட்டார்கள்.

போன வருஷம் தை மாதத்தில் மாமா தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். வருஷம் திரும்பாமல் திருவிழாவுக்குப் போகக்கூடாது என்று அந்தச் சித்திரையில் யாரும் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. ஆண்டுத் திதி முடிந்தது. இந்தச் சித்திரைக்கு அம்மாவே சொன்னார்: "வா, அழகரைப் பார்த்துட்டு வருவோம்."

திண்டுக்கல்லில் இருந்து கிளம்பி தல்லாகுளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் நெரிந்தது. அழகர் முந்தின நாளே கள்ளழகர் கோலத்தில், பதினெட்டாம்படிக் கருப்பண்ணசாமியிடம் விடைபெற்று, வழியெல்லாம் மண்டகப்படி கண்டுகொண்டு வந்திருந்தார். அவரை ஊர் எல்லையில் நின்று வரவேற்பதுதான் எதிர்சேவை. அம்மா பித்தளைச் சொம்பில் நாட்டுச் சர்க்கரையை நிரப்பி, வாயை வாழையிலையால் மூடி, மேலே சூடம் ஏற்றிக் காட்டினார். சுற்றிலும் நூற்றுக்கணக்கான சொம்புகளில் சூடம் எரிந்தது. அணைந்ததும் சர்க்கரையைப் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தார். முகம் தெரியாத ஒரு பாட்டி அம்மா வாயில் தன் சொம்புச் சர்க்கரையைப் போட்டார். மாமா இருந்திருந்தால் அந்தப் பாட்டியின் ஊர், பேர், பிள்ளைகள் வேலை எல்லாம் அந்த ஒரு வாய் சர்க்கரைக்குள் விசாரித்து முடித்திருப்பார்.

புராணப்படி, மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் கொடுக்கத்தான் அழகர் வருகிறார். அந்த விழா முன்பு தேனூரில் நடந்தது. அதை மீனாட்சி கல்யாணத்தோடு சேர்த்து மதுரைக்குக் கொண்டுவந்தவர் 17-ஆம் நூற்றாண்டில் ஆண்ட திருமலை நாயக்கர். ஆனால் மதுரைச் சனங்கள் மனசில் இருப்பது இன்னொரு கதை. தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்குச் சீரோடு வந்த அண்ணன், ஆற்றுக்குள் இறங்கும்போதே கல்யாணம் முடிந்துவிட்டது என்று தெரிந்து, கோபித்துக்கொண்டு ஊருக்குள் வராமல் வண்டியூர்ப் பக்கம் போய்விடுகிறார்.

எங்கள் வீட்டில் இந்தக் கதைக்குத் தனி மவுசு. அம்மாவின் கல்யாணத்தன்று சீர்ப் பாத்திரங்களை ஏற்றி வந்த வண்டி பழுதாகி நின்றுவிட, மாமா மண்டபத்துக்கு வந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். மாமா அண்டாவை இறக்கி வைத்துவிட்டு, "அழகரே லேட்டாத்தான் வந்தாரு, நான் எம்மாத்திரம்? ஆனா பாரு, நான் கோவிச்சுக்கிட்டுத் திரும்பிப் போகல, பந்திக்கு உக்காரப் போறேன்" என்றாராம். அழுதுகொண்டிருந்த மணப்பெண் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு சித்திரையிலும் தங்கைக்கு ஒரு சேலையும் அழகர்கோயில் சம்பா தோசையும் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். நெய் மணக்கும் அந்தத் தோசையை அம்மா பிய்த்துப் பிய்த்து எங்களுக்குத் தருவார்.

விடியற்காலையில் தங்கக் குதிரையில் அழகர் வைகைக்கு வந்தார். ஆண்டாள் சூடிக்கொடுத்த மாலை, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து வந்தது, மார்பில் கிடந்தது. உடுத்தியிருந்தது பச்சைப் பட்டு. பச்சை என்றால் நாடு செழிக்கும் என்பார்கள். "பச்சைடா, பச்சை!" என்று கூட்டம் கத்தியது. நான் அம்மாவைப் பார்த்தேன். கை கூப்பியபடியே அழுதுகொண்டிருந்தார். மாமா போன அன்றுகூட அவர் இப்படி அழவில்லை. அழகரைப் பார்த்தால்தான் அண்ணனுக்காக முழுசாக அழ முடியும் என்று அம்மா தெரிந்தேதான் வந்திருக்கிறார் என்று எனக்கு அப்போது புரிந்தது. கூட்டத்தில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அங்கே நிறையப் பேர் அழுதுகொண்டுதான் இருந்தார்கள்.

அப்புறம் ராமராயர் மண்டபம். வெயில் ஏறிவிட்டது, தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் வரிசையாக நின்றார்கள். அதில் மாமா மகனும் இருந்தான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். அப்பாவின் சல்லடத்தை அத்தை பிரித்துத் தைத்துக் கொடுத்திருந்தார். ஆரம்பத்தில் கூச்சமாக, பையைக் கட்டிப் பிடித்தபடி நின்றான். அழகர் வந்ததும் "கோவிந்தா" என்று அவன் போட்ட சத்தத்தில் நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். அச்சு அசல் மாமா குரல். சாமிக்குப் பீய்ச்சி முடித்துவிட்டு எங்கள் பக்கம் வந்தவன், "அத்தை, இந்தாங்க!" என்று அம்மா தலையிலும் பீய்ச்சினான். அம்மா சேலை நனைய நின்று சிரித்தார்.

சாயங்காலம் செல்லூர் வீட்டில் அத்தை எங்களை உட்காரவிடவில்லை. பட்டு என்ன கலர், மாலை எப்படி இருந்தது, பையன் சத்தம் போட்டானா, சல்லடம் இடுப்பில் நின்றதா என்று ஒன்றுவிடாமல் கேட்டார். இடுப்பில் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது என்று அம்மா சொன்னதும் ஊசி நூலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.