சாக்லேட் விற்பவருக்கு ஓர் இணையவழிப் பாடம்: பிராம்ப்ட் எழுதுவதற்கு முன்

‘சிறு வணிகர்களுக்கான எட்டு வார இணையவழிப் பயிற்சி ஒன்றைத் திட்டமிட்டுத் தருக’ என்று எந்தச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டாலும், அரை நிமிடத்தில் ஒரு பாடத்திட்டம் வந்து நிற்கும். வணிக அறிமுகம், இலக்கு வாடிக்கையாளர், பிராண்ட், சமூக ஊடகம், மின்னஞ்சல் விளம்பரம் என்று வரிசை பிசகாமல் இருக்கும். கோத்தகிரியில் வீட்டிலேயே சாக்லேட் செய்து விற்கும் ஒரு பெண்மணியின் கையில் அதைக் கொடுத்தால் அவர் எதைச் செய்யத் தொடங்குவார் என்று யோசிக்கும்போதுதான் அதன் வெறுமை தெரியும். அவரிடம் இணையதளம் இல்லை. வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் இல்லை. விளம்பரத்துக்கென ஒதுக்கிய பணமும் இல்லை. இருப்பவை ஒரு கைப்பேசியும் வாட்ஸ்அப்பும், சீசனில் வந்து வாங்கிச் சென்ற பிறகும் ‘அக்கா, அதே முந்திரி சாக்லேட் அரை கிலோ அனுப்ப முடியுமா?’ என்று கேட்கும் சிலரும்தான்.

இப்படிப்பட்டவர்களுக்காக ஒரு பாடத்தை அமைத்துக்கொண்டிருக்கிறேன். பிராம்ப்ட்டை, அதாவது செயலிக்கு நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளையை, எவ்வளவு சாமர்த்தியமாக எழுதுகிறோம் என்பதைவிட, எழுதுவதற்கு முன் என்ன விவரங்களைச் சேர்த்து வைத்திருக்கிறோம் என்பதே பாடத்தின் தரத்தைத் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து. ஆகவே என் முதல் பிராம்ப்ட் பாடத்திட்டத்தைக் கேட்பதில்லை. ‘பாடத்திட்டம் எழுதாதே. நான் விவரிக்கும் இந்த ஒரு வணிகரைப் பற்றி உனக்குத் தெரியாதவற்றை ஒவ்வொரு கேள்வியாகக் கேள். என் விடை தெளிவில்லாமல் இருந்தால் அதையே மீண்டும் கேள். பயிற்சி முடிந்த மறுநாள் அவர் கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பது தெளிவாகும்வரை நிறுத்தாதே’ என்பதே அது. இந்தக் கேள்விகளில் பாதிக்கு எனக்கே விடை தெரியாது. அந்த வணிகரிடம் போய்க் கேட்டுத்தான் எழுத முடியும். வேலையின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

அப்படிக் கேட்டு எழுதியபோது, வாரத் தலைப்புகளுக்குப் பதிலாகக் கையில் பிடிக்கக்கூடிய பொருள்களே மிஞ்சின: ஒரு விலைக் கணக்கு, ஒரு லேபிள், உருகாமல் போய்ச் சேரும் ஒரு பார்சல், வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கும் முறை, அன்றாட வரவு செலவுக் குறிப்பு.

இவற்றுள் விலைக் கணக்குக்கே அதிக நேரம் ஒதுக்கியிருக்கிறேன். பக்கத்துக் கடையின் விலையைப் பார்த்துப் பத்து ரூபாய் குறைத்து வைப்பதே இங்கு பரவலான வழக்கம். செயற்கை நுண்ணறிவு எழுதிய முதல் வரைவோ, மூலப்பொருளின் விலையோடு இலாப விகிதத்தைக் கூட்டச் சொல்லி முடித்துக்கொண்டது. சாக்லேட் கட்டி, முந்திரி, ஃபாயில், பெட்டி, கேஸ் ஆகியவை அதில் இருந்தன. செய்பவரின் உழைப்புக்குக் கூலியும், ஜூலை மழையில் ஆள் வராமல் தேங்கும் பெட்டிகளின் இழப்பும் இல்லை. எனவே பிராம்ப்ட்டை மாற்றினேன்: ‘சூத்திரம் சொல்லாதே. கால் கிலோ பெட்டி ஒன்றுக்கான செலவுகளை மாணவரே எழுதும்படி கேள்விகளை அமை. தன் கூலியை அவர் எழுதாமல் விட்டால், அதைச் சொல்லிக் கொடுக்காமல், அவரே கண்டுகொள்ளும்படி அடுத்த கேள்வியைக் கேள்.’ அதன்பின் வந்த பயிற்சித்தாள் உண்மையிலேயே நன்றாக இருந்தது. நான் தனியே உட்கார்ந்து எழுதியிருந்தால் அவ்வளவு பொறுமையாக எழுதியிருக்க மாட்டேன்.

இடத்தைப் பற்றிய செய்திகளையும் நாம்தான் ஊட்ட வேண்டும். கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். கோத்தகிரிக் குளிரில் கெட்டியாக நிற்கும் சாக்லேட், ஏப்ரலில் மேட்டுப்பாளையம் இறங்கியதும் என்னவாகும் என்பது செயலிக்குத் தானாகத் தோன்றாது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கிற்கு நீலகிரியில் தடை இருப்பதைச் சொல்லாவிட்டால், அழகான பிளாஸ்டிக் உறைகளைப் பரிந்துரைத்துக்கொண்டே போகும்.

வரி, உரிமம் பற்றிய பகுதிகளில் நான் மிகவும் கறாராக இருக்கிறேன். சாக்லேட்டுக்கு 18 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்தது. ஒரு தொழிலைக் குறுந்தொழில் என்று அரசு வகைப்படுத்துவதற்கான வரம்பு 2025 ஏப்ரல் 1 முதல், முதலீட்டில் ஒரு கோடியிலிருந்து இரண்டரைக் கோடியாகவும், விற்றுமுதலில் ஐந்து கோடியிலிருந்து பத்துக் கோடியாகவும் உயர்ந்தது. அதற்கு முந்தைய தரவுகளில் பயின்ற ஒரு செயலி, இணையத்தில் தேடிப் பார்க்காவிட்டால், பழைய எண்ணையே சற்றும் தயங்காமல் சொல்லும். ஆகையால் ஒவ்வொரு பிராம்ப்ட்டின் இறுதியிலும், ‘வரி விகிதம், கட்டணம், வரம்பு வரும் இடங்களில் எண் எழுதாதே, சரிபார்க்கவும் என்று மட்டும் குறி’ என்ற வரியைச் சேர்த்துவிடுகிறேன். அந்த எண்களை அரசுத் தளங்களில் பார்த்து நானே நிரப்புகிறேன். அவற்றைப் பாடத்தில் பேசிப் பதிவு செய்வதும் இல்லை. தனித்தாளில் வைத்தால், மாறும்போது அந்தத் தாளை மட்டும் மாற்றினால் போதும். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை என்பதை மட்டும் பாடத்திலேயே அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அதற்குப் பணம் வாங்கும் இடைத்தரகர்கள் குறைவில்லை.

பாடம் எழுதி முடித்தபின் செயலியையே மாணவராக நடிக்கச் சொல்லிச் சோதிக்கலாம் என்று பலர் பரிந்துரைக்கிறார்கள். ஓரளவுக்குப் பயன்படுகிறது, குழப்பமான வாக்கியங்களைச் சுட்டிக்காட்டிவிடும். ஆனால் அந்த நடிப்பு மாணவர் மிகவும் நல்லவர். எல்லாப் பாடத்தையும் முழுதாகக் கேட்பார், வீட்டுப்பாடத்தைத் தவறாமல் செய்வார். பள்ளிவிட்டுக் குழந்தை வந்ததும் கைப்பேசியைப் பறிகொடுப்பதோ, பள்ளத்தாக்கில் சிக்னல் இல்லாமல் காணொளி பாதியில் நிற்பதோ அவருக்கு நேராது. இதனால்தான் பாடங்களைச் சில நிமிடங்களே ஓடும் ஒலிப்பதிவுகளாகச் சுருக்கி, வாட்ஸ்அப்பில் அனுப்பும்படி அமைத்திருக்கிறேன்.

கால அட்டவணையிலும் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. புதிய நிதியாண்டு தொடங்குகிறது என்ற காரணத்தைக் காட்டி, பயிற்சியை ஏப்ரலில் தொடங்கச் செயலி யோசனை சொன்னது. ஏப்ரலும், மலர்க் கண்காட்சி நடக்கும் மேயும் இங்கு சாக்லேட் விற்பவர்கள் நிற்க நேரமில்லாமல் ஓடும் மாதங்கள். சீசனுக்கான சரக்கை மார்ச்சிலேயே வாங்கியாக வேண்டியிருப்பதால், ஜனவரி இறுதியில் தொடங்கி, விலைக் கணக்கை முதல் பாடமாக வைத்திருக்கிறேன்.