வட்டம் போட்ட 310

"அப்போ அந்த மாசம் நான் நல்லா இருந்தது பொய்யா டாக்டர்?" என்று ஓர் இதய நோயாளி, டைரியில் தான் வட்டம் போட்டிருந்த ரத்தப் பரிசோதனை எண்ணைக் காட்டிக் கேட்டார். "பொய் இல்லைங்க ஐயா, ஆனா அந்த எண் அதைச் சொல்லலை" என்றேன். பதில் சரிதான், இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனாலும் மனசு அங்கேயே போய் நிற்கிறது.

நாள்பட்ட இதயச் செயலிழப்புக்காரர். ஒரு சின்ன டைரி வைத்திருப்பார்: தேதி, எடை, பக்கத்தில் ரத்தப் பரிசோதனை எண். 1840, 1720, 1910 என்று போய்க் கடைசியில் 310, பேனாவால் இரண்டு முறை வட்டம் போட்டு. அன்றைய ரிப்போர்ட்டிலோ 1760. ஆள் வெளிறிப்போய் வந்திருந்தார். பழைய தாள்களை வாங்கிப் பார்த்தால் விஷயம் புரிந்தது. மற்றதெல்லாம் என்டி-ப்ரோபிஎன்பி, இதயம் சிரமப்படும்போது ரத்தத்தில் ஏறுகிற பொருள்; அந்த ஒரு தடவை மட்டும் வேறு லேபில் வெறும் பிஎன்பி பார்த்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே புரதம் உடைந்து வருபவைதான், ஆனால் ஒன்றின் அளவை இன்னொன்றோடு வைத்துப் பார்க்கவே கூடாது. போதாததற்கு அவர் சாக்குபிட்ரில் வேறு சாப்பிடுகிறார். அது பிஎன்பியை உடைக்கிற நொதியையே தடுக்கிற மருந்து, அதனால் பிஎன்பி எண்ணை அப்படியே நம்பவும் முடியாது.

பயத்தைப் போக்கத்தான் சொன்னேன். பயம் போனது, கூடவே அந்த வட்டமும் போனது. அந்த மாதம் மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறினாராம். அதை நான் கேட்டே எழுதியிருக்கவில்லை, அவராகச் சொன்னதுதான்.

இந்த எண் சும்மா இல்லை. அது உயர்ந்தே இருப்பவர்களில் மறுபடி அட்மிட் ஆகிறவர்களும் இறக்கிறவர்களும் அதிகம், 30 சதவீதத்துக்கு மேல் இறங்குகிறவர்கள் பொதுவாகத் தேறுகிறார்கள். ஆனால் அது கூட்டத்துக்குச் சொல்கிற கணக்கு. ஒரு ஆளை எடுத்துக்கொண்டால் சிறுநீரகம் மந்தமானால் ஏறும், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத் துடிப்பு தாளம் தப்புவது) வந்தால் ஏறும், உடல் பருமனாக இருந்தால் குறைத்துக் காட்டும், ஒன்றுமே நடக்காமலும் கொஞ்சம் ஆடும். 2017இல் வந்த கைட்-ஐடி ஆய்வில், எண்ணை 1000க்குக் கீழே கொண்டுவருவதைக் குறியாக வைத்துச் சிகிச்சை கொடுத்தும், வழக்கமான சிகிச்சையைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை. ஜூனியர்களிடம் இதை நானே சொல்வேன். சொல்லிவிட்டு, அடுத்த நோயாளி உட்காருவதற்குள் ரிப்போர்ட்டில் அந்த வரியைத்தான் முதலில் தேடுவேன்.

கிளம்பும்போது, "இதெல்லாம் சரி, இன்னும் எத்தனை வருஷம்னு இதுல தெரியுமா?" என்றார். தனி ஒருவருக்குச் சொல்ல முடியாது என்று ஆரம்பித்துச் சிறுநீரகம், உப்பு, மாத்திரை என்று எங்கேயோ போய்விட்டேன். நேர்மையான பதில்தான் அது, நழுவினேன் என்று யாராவது சொன்னால் அதையும் மறுக்க முடியாது.

மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்லிச் சீட்டில் என்டி-ப்ரோபிஎன்பி என்று முழுசாக எழுதி, அதே லேபில்தான் என்று அடிக்கோடும் போட்டேன். 1600 வந்தாலும் 1900 வந்தாலும் மருந்தை மாற்றப் போவதில்லை என்று எழுதும்போதே தெரியும். எழுதாமல் விட்டால் அவர் கேட்பார்.